வாரண்டி முடிய முப்பத்தெட்டு நாள்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பொட்டி தட்டுகிறவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகத்தான் விளக்கி எழுதியிருக்கிறேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி. மயூர் விஹார் வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சத்தம். டிக்... கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் டிக். முதலில் பல்லி என்று நினைத்தேன். பல்லிக்கு நல்லது கெட்டது பார்க்கத் தெரிந்த குடும்பம் எங்களுடையது. ஆனால் இந்தப் பல்லி மேசைக்குக் கீழே, தகர டப்பாவுக்குள்ளே இருந்து சொல்லியது.

ஹார்ட் டிஸ்க். வாங்கி மூன்று வருஷம் ஆகப் போகிறது. பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தால் வாரண்டி முடிய இன்னும் முப்பத்தெட்டு நாள். டிஸ்கின் உடம்பு நிலையைச் சொல்லும் சின்ன மென்பொருளை ஓட்டினேன். கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்கள் 48 என்று மஞ்சளில் காட்டியது.

குர்காவில் வேலை பார்க்கும் அக்கா பையனுக்குப் போன் போட்டேன். "மாமா, வாரண்டி இருக்குல்லா? கண்ணை மூடிட்டு அனுப்பிருங்க. புதுசு வந்துரும்" என்றான். தங்கமணி, "ஏங்க, ஓடிட்டுத்தானே இருக்கு, அதை ஏன் நோண்டறீங்க?" என்றாள். மறுநாள் நேரு பிளேஸில் வாங்கின கடைக்கே போனேன். கடைக்காரர் பில்லைப் பார்த்துவிட்டு, டிஸ்கை அப்படியே கொடுத்துவிட வேண்டும், கம்பெனி வேறொன்று தரும், அது பழுது பார்த்த பழையதாகவும் இருக்கலாம் என்றார்.

"உள்ளே இருப்பது?"

"அது உங்க பாடு, சார்."

உள்ளே என்ன இருக்கிறது என்றால், 2016 குளிர்காலத்தில் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து எங்களோடு மூன்று மாசம் இருந்தபோது போனில் பதிந்து வைத்த 46 ஒலிப்பதிவுகள். அப்பா 2019ல் காலமாகிவிட்டார். பிரதி இருந்த பழைய டிஸ்கைப் பையன் கேம் போடக் கேட்டான். "புது டிஸ்கில் எல்லாம் இருக்குடா, அழிச்சுக்கோ" என்று சொன்னவன் நான்தான். இருபத்தஞ்சு வருஷமாகக் கம்ப்யூட்டர் துறையில் ஆணி பிடுங்குகிறவன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வாரண்டியில் இருக்கும் ஒரு பாகத்தை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அந்த முப்பத்தெட்டு நாளில் நான் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டரின் ஆரம்ப காலத்தில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. ஏனென்றால் மெஷின் நம்முடையது இல்லை. உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் 1956 செப்டம்பரில் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் என்ற கம்ப்யூட்டரோடு வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இப்போது போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் ஏறுவதே கஷ்டம். எடை ஒரு டன்னுக்கு மேல். வாடகை மாசம் 3,200 டாலர். வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, ஏதாவது பழுதென்றால் ஐ.பி.எம். ஆள் பெட்டியோடு வந்து நிற்பார். எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அவர் முடிவு. விலைக்கும் விற்க வேண்டும் என்று அமெரிக்க அரசோடு 1956 ஜனவரியில் உடன்படிக்கை ஆன பிறகும், ரொம்ப காலத்துக்கு வாடகைதான் வழக்கமாக இருந்தது.

நம் நாட்டிலும் இதே கதைதான், கொஞ்சம் காரம் கூட. இங்கே அறுபதுகளில் வந்த ஐ.பி.எம். 1401 மெஷின்கள் பலவும் வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து, இங்கே பழுது பார்த்து வாடகைக்கு விடப்பட்டவை. (நேரு பிளேஸ் கடைக்காரர் "பழுது பார்த்த பழையது" என்றபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.) 1973ல் அன்னியச் செலாவணிச் சட்டம் வந்தது. இந்தியக் கிளையில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள ஐ.பி.எம். சம்மதிக்கவில்லை. 1978ல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. மெஷின்கள் மட்டும் இங்கேயே நின்றன. அவற்றைப் பராமரிக்கும் வேலை கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. சுருக்கமாக சி.எம்.சி. செய்த கம்பெனி ஊரைவிட்டே போன பிறகு, அதன் மெஷின்களுக்கு உத்தரவாதம் கொடுத்து ஓட வைத்தவர்கள் அவர்கள். எண்பதுகளின் நடுவில் தில்லியில் ரயில் முன்பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் இதே சி.எம்.சி.தான். ஊருக்குப் போக ஜி.டி. எக்ஸ்பிரஸில் இடம் பிடிக்க விடியற்காலையில் வரிசையில் நின்ற தில்லித் தமிழர்களுக்கு அந்த கவுண்டர் மறந்திருக்காது.

வாரண்டி என்ற வார்த்தை சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது பி.சி.யோடுதான். 1981ல் வந்த ஐ.பி.எம். பி.சி.க்கு 90 நாள் வாரண்டி. மெஷின் நம்முடையதானது. கூடவே அதன் பழுதும் நம்முடையதானது. நடுவில் ஒரு காகிதம் மட்டும் கம்பெனிக்கும் நமக்கும் பாலமாக நின்றது. அந்தக் காகிதத்தின் மேல் நடந்த பெரிய சண்டை 1994ல். என்னைக் கேட்டால், கம்ப்யூட்டர் பாகம் வாங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் தாமஸ் நைஸ்லி என்று ஒரு கணிதப் பேராசிரியர். அவருக்கு இரட்டைப் பகா எண்களில் ஆர்வம். 11, 13. 17, 19. இப்படி ரெண்டே வித்தியாசத்தில் ஜோடியாக வருபவை. இவற்றின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போனால் தொகை ஓர் எல்லையைத் தாண்டாது என்று 1919ல் விகோ புரூன் நிரூபித்திருந்தார். அந்தத் தொகையை நுணுக்கமாகக் கணக்கிடப் பல கம்ப்யூட்டர்களை ஓட்டிக்கொண்டிருந்தார் நைஸ்லி. 1994ல் புதிதாக ஒரு பென்டியம் மெஷினையும் சேர்த்துக்கொண்டார். ஜூன் மாதம் கணக்கு இடித்தது.

அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். உடனே சிப்பைத் திட்டவில்லை. முதலில் சந்தேகப்பட்டது தன்னையே. தன் புரோகிராமைச் சரிபார்த்தார். பிறகு கம்பைலர், அப்புறம் மதர்போர்டு. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, அக்டோபரில்தான் சிப்பின் மேல் கை வைத்தார். 824633702441 என்ற எண்ணால் 1ஐ வகுத்தால், எட்டு இலக்கம் வரை சரியாக வருகிறது. அதற்கு மேல் எல்லாம் தப்பு. பழைய 486 மெஷினில் அதே கணக்கு ஒழுங்காக வந்தது. அக்டோபர் 24ல் இன்டெலுக்குச் சொன்னார். திருப்தியான பதில் வராததால் அக்டோபர் 30ல் தெரிந்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அது ஊரெல்லாம் பரவியது.

பிழை என்ன? நாம் பள்ளிக்கூடத்தில் நீள் வகுத்தல் செய்யும்போது, "இதில் அது எத்தனை தடவை போகும்" என்று மனசுக்குள் ஊகித்து ஓர் இலக்கம் போடுவோம் இல்லையா? பென்டியம் அந்த ஊகத்துக்கு உள்ளே ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தது. அதில் நிரப்பியிருக்க வேண்டிய கட்டங்கள் 1,066. ஐந்து கட்டங்களில் 2 என்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம். வாய்ப்பாட்டில் ஐந்து வரி மட்டும் மறந்துபோன பையன் மாதிரி. பெரும்பாலும் நூற்றுக்கு நூறு வாங்குவான், அந்த வரி வந்தால் மட்டும் மாட்டுவான். (உண்மையில் விடுபட்டவை 16 கட்டங்கள், அதில் ஐந்துதான் தப்பு விடை தந்தன என்று 2024 டிசம்பரில் கென் ஷிரிஃப் என்ற ஆராய்ச்சியாளர் அந்தச் சிப்பை நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுத்துக் காட்டினார். முப்பது வருஷம் கழித்து!) டிம் கோ என்ற பொறியாளர் கண்டுபிடித்த உதாரணம் பிரசித்தம். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.333820449 வர வேண்டும். பென்டியத்தில் 1.333739068 வந்தது. நாலாவது தசமத்திலேயே தப்பு.

அந்த வருஷம் நான் கோவையில் கல்லூரியில். எங்கள் லேபில் 386தான். பென்டியம் என்பதைப் பத்திரிகைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தோம். அதனால் இந்தப் பிழையைச் சொல்லி நாங்கள் சந்தோஷமாகச் சிரித்தோம். எட்டாத திராட்சை.

இன்டெல் தந்த பதில்தான் விவகாரத்தைப் பெரிதாக்கியது. பிழை இருப்பது அவர்களுக்கு நைஸ்லி சொல்லும் முன்பே அந்த வருஷ நடுவில் தெரிந்திருந்தது. சத்தமில்லாமல் திருத்தி, அடுத்து வரும் சிப்புகளில் சரிசெய்துகொண்டிருந்தார்கள். இப்போது கேட்டால், இந்தப் பிழை 900 கோடி வகுத்தலுக்கு ஒரு முறைதான் வரும், சாதாரணமாகக் கணக்குத் தாள் போடுகிறவருக்கு 27,000 வருஷத்துக்கு ஒரு தடவை என்றார்கள். சிப் மாற்ற வேண்டுமா? நீங்கள் கடுமையான கணக்கு வேலை செய்கிறவர் என்று எங்களுக்குப் புரியவையுங்கள், தேவை என்று எங்களுக்குத் தோன்றினால் தருகிறோம் என்றார்கள்.

இதில் ஜனங்களுக்கு எரிச்சல் மூட்டியது 27,000 வருஷம் இல்லை. "உனக்கு இது தேவையா இல்லையா என்று நான் சொல்கிறேன்" என்ற தோரணை. காசு கொடுத்து வாங்கியவன் நான், பிழை உன்னுடையது, ஆனால் நான் வந்து உன் முன்னால் கைகட்டி நின்று தகுதியை நிரூபிக்க வேண்டுமா? நவம்பர் 22ல் சி.என்.என்.னில் செய்தி வந்தது. நவம்பர் 27ல் தலைமை அதிகாரி ஆண்டி குரோவ் இணையத்தில் விளக்கக் கடிதம் போட்டார். (அவரும் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்து அமெரிக்காவில் குடியேறியவர்.) கடிதம் எடுபடவில்லை. டிசம்பர் 12ல் ஐ.பி.எம். அந்தச் சிப் போட்ட மெஷின்களை அனுப்புவதை நிறுத்தியது. 27,000 வருஷம் இல்லை, 24 நாளைக்கு ஒரு தடவை தப்பு வரலாம் என்று தன் கணக்கைப் போட்டது. ஐ.பி.எம். அப்போது போட்டிக்கு வேறொரு சிப் செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். பங்காளி பேச்சைப் பாதி தள்ளிக் கேட்கணும் என்பார் அப்பா.

டிசம்பர் 20ல் இன்டெல் மன்னிப்புக் கேட்டது. யார் கேட்டாலும், காரணம் கேட்காமல், அந்தக் கம்ப்யூட்டரின் ஆயுள் முழுவதும் எப்போது வேண்டுமானாலும் மாற்றித் தருவதாக அறிவித்தது. இதற்காகக் கணக்கில் ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனதும், வீட்டில் பென்டியம் வைத்திருந்தவர்களில் சிறு பகுதியினர்தான் மாற்றினார்கள். சண்டை போட்டது சிப்புக்காக இல்லை போலிருக்கிறது. முடிவெடுக்கும் உரிமை கைக்கு வந்ததும் நிறையப் பேர், "ஓடிட்டுத்தானே இருக்கு" என்று விட்டுவிட்டார்கள். தங்கமணி கட்சி!

குரோவ் 1996ல் எழுதிய புத்தகத்தின் ஆரம்பமே இந்தச் சம்பவம்தான். 1991லிருந்து "இன்டெல் இன்சைட்" என்று பெட்டியின் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி, வீட்டு ஜனங்களிடம் நேராகப் போய்ப் பெயர் வாங்கினோம். ஆனால் புகார் என்று வந்தபோது, கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளோடு பேசிப் பழகிய பழைய பாஷையிலேயே பேசினோம் என்பதுதான் அவர் புரிந்துகொண்டது. படிப்பினை நிலைத்தது என்றுதான் நினைக்கிறேன். 2011 ஜனவரி 31ல் வேறொரு துணைச் சிப்பில் கோளாறு தெரிந்தபோது, யாரும் சண்டைக்கு வரும் முன்பே அனுப்புவதை நிறுத்தி, பழுது பார்க்கவும் மாற்றவும் 700 மில்லியன் டாலர் ஆகும் என்று அவர்களே அறிவித்தார்கள். ஆனால் 2024ல் 13வது, 14வது தலைமுறைச் சிப்புகள் மின்னழுத்தம் அதிகமாகித் தடுமாறியபோது மறுபடியும் மாசக்கணக்கில் முணுமுணுப்பு. கடைசியில் ஆகஸ்டில் வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டித்தார்கள். அதற்கு வந்த திருத்தம் இனிமேல் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரி செய்யாது. அதனால் அந்தச் சிப் வைத்திருந்தவர்களும் என்னை மாதிரியே, மாற்றலாமா, பொறுத்துப் பார்க்கலாமா என்று தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

ஆனால் சிப்புக்கும் டிஸ்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம். சிப்பில் நம்முடையது எதுவும் தங்குவதில்லை. பழையதைக் கழற்றிக் கொடுத்துப் புதியதை மாட்டினால் வீடு பழையபடி. டிஸ்க் அப்படி இல்லை. அதை வாங்குவதே உள்ளே வைக்கத்தான். வாரண்டியோ வெளி டப்பாவுக்கு மட்டும்.

ஹார்ட் டிஸ்க் உலகத்தின் பென்டியம் கதை என்றால் 2000ல் ஐ.பி.எம். வெளியிட்ட டெஸ்க்ஸ்டார் 75ஜி.எக்ஸ்.பி. கண்ணாடித் தட்டுகள், 75 ஜி.பி. வரை கொள்ளளவு, அன்றைக்கு வேகத்தில் ராஜா. ஒரு வருஷத்துக்குள் டிக் டிக் என்று சாக ஆரம்பித்து, "டெத்ஸ்டார்" என்று பெயர் வாங்கியது. மாற்றிக் கொடுத்ததும் போயிற்று என்று பலர் புலம்பினார்கள். 2001ல் கலிபோர்னியாவில் கூட்டு வழக்கு. 2002ல் ஐ.பி.எம். ஹார்ட் டிஸ்க் தொழிலையே ஹிடாச்சிக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. ராமாக் செய்த அதே கம்பெனி! 2005ல் வழக்கு சமரசமானபோது, பாதிக்கப்பட்டவருக்கு 100 டாலர். உள்ளே கல்யாண போட்டோ இருந்தவருக்கும் 100, சினிமாப் பாட்டு இருந்தவருக்கும் 100.

வாரண்டிக் காலம் என்பது டிஸ்க் எத்தனை நாள் வாழும் என்று கம்பெனி சொல்லும் ஜோசியம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சரித்திரத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 2002 அக்டோபரில் மேக்ஸ்டர், சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் மூன்றும் ஒரே சமயத்தில் சாதாரண மேசை டிஸ்குகள் பலவற்றுக்கு மூன்று வருஷ வாரண்டியை ஒரு வருஷமாகக் குறைத்தன. 2004ல் சீகேட் ஐந்து வருஷம் என்று அறிவித்தது. 2011 கடைசியில் சில வகைகளுக்கு மறுபடி ஒரு வருஷம். டிஸ்கின் ஆயுள் இப்படி ஏறி இறங்கியிருக்காது. ஏறி இறங்கியது வியாபாரம்.

உண்மையான ஆயுளைச் சொன்னது 2007ல் வந்த ரெண்டு ஆய்வுகள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும், கம்பெனிகள் அட்டையில் போடும் "பத்து லட்சம் மணி நேரம்" என்பதைக் களத்தில் சரிபார்த்தார்கள். பத்து லட்சம் மணி நேரம் என்றால் 114 வருஷம். அதன்படி வருஷத்துக்கு நூற்றில் 0.88 டிஸ்க்தான் கெட வேண்டும். நிஜத்தில் 2 முதல் 4 வரை சாதாரணம், சில இடங்களில் 13 வரை. இன்னொன்று கூகிள் ஆட்கள் தங்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளை வைத்துச் செய்தது. நான் ராத்திரி ரெண்டு மணிக்குப் படித்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தது இதைத்தான். முதல் முறை ஓர் இடம் கெட்டு ஒதுக்கப்பட்ட டிஸ்க், அப்படி ஆகாத டிஸ்கைவிட அடுத்த 60 நாளில் சாக 14 மடங்கு வாய்ப்பு அதிகம். என்னுடையதில் 48. சரி, ஒதுக்கம் எதுவும் காட்டாதது எல்லாம் பத்திரமா? அதுவும் இல்லை. செத்தவற்றில் பாதிக்கு மேல், முக்கியமான நாலு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே செத்தன.

ஆக, முதல் கேள்வி மாற்றுவதா வேண்டாமா என்பதே இல்லை. உள்ளே இருப்பதை இன்றைக்கே வெளியே எடு, வாரண்டியை நாளைக்குப் பார் என்பதுதான். ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு இன்னொரு டிஸ்க் வாங்கினேன். அக்கா பையன் மறு சனிக்கிழமை மெட்ரோ பிடித்து வந்தான். டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச மென்பொருள். சும்மா காப்பி போட்டால் கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். இது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வந்து திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். (டிஸ்கை ஃபிரிட்ஜில் வைத்தால் உயிர் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் இருப்பதும் போகும்.) போட்டோக்கள் எல்லாம் வந்தன. அப்பாவின் 46ல் 37 வந்தன. ஒன்பது வரவில்லை.

ராத்திரி ராத்திரியாக ஓடவிட்டோம். பதினோரு ராத்திரியில் மேலும் ஐந்து. நாலு மட்டும் அசையவில்லை. அதில் ஒன்றுக்குத் தேதி 2016 ஜனவரி 15. பொங்கல். அன்றைக்கு அப்பா அவருடைய அம்மாவைப் பற்றிப் பேசினார் என்பது ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னார் என்பது ஞாபகம் இல்லை. பதிவாகிறது என்று நானும் கவனித்துக் கேட்கவில்லை.

இதற்குள் வாரண்டியில் ஒன்பது நாள் பாக்கி. அனுப்பினால் வேறு டிஸ்க் வரும், இந்த நாலும் போகும். டிஸ்கைத் திறந்து எடுத்துத் தரும் ஓர் இடத்தில் விசாரித்தேன். இருபத்தெட்டாயிரம் கேட்டார்கள், வரும் என்று உறுதி சொல்லவில்லை, திறந்தால் வாரண்டி போகும் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்கள். இன்னொன்றும் உறுத்தியது. அதே டிஸ்கில் எங்கள் எல்லோருடைய பான், ஆதார், பாஸ்போர்ட் நகல்கள் இருக்கின்றன. முழுக்க அழித்து அனுப்பலாம் என்றால், கெட்டு ஒதுக்கப்பட்ட இடங்களை மேலே எழுதி அழிக்கவும் முடியாது. படிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது.

சட்டத்தில் ஏதாவது வழி இருக்குமா என்றும் பார்த்தேன். 1930ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டப்படி வாரண்டி என்பது ஒப்பந்தத்தில் பக்கவாட்டு வாக்குறுதிதான். அதை மீறினால் நஷ்ட ஈடு கேட்கலாம், பொருளை நிராகரிக்கும் உரிமை வராது. 1986ல் நுகர்வோர் சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக வந்த 2019ம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலையில் அமலானது, கை கொஞ்சம் வலுவாகியிருக்கிறது. ஆனால் வாரண்டி அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே உள்ள தகவலுக்குப் பொறுப்பில்லை என்ற வரி பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர் "உங்க பாடு" என்று சொன்னது அதைத்தான்.

அக்கா பையனுக்கு இதில் கருத்து வேறுபாடு. "நாற்பத்திரெண்டு வந்தாச்சு மாமா, நாலுக்காக ஏன் ஒரு டிஸ்கை விடறீங்க?" என்றான். நியாயம்தான். அவன் வயசில் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பேன். உங்களில் யாருக்காவது டிஸ்க் இப்படி ஆகி, உள்ளே இருப்பது முழுக்க வேறு இடத்தில் இருந்தால், யோசிக்காமல் அனுப்பிவிடுங்கள். அது உங்கள் காசு.

நான் அனுப்பவில்லை. போன செவ்வாய்க்கிழமையோடு வாரண்டி முடிந்தது. காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது தங்கமணி, "இன்னிக்குத்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், மேசை மேல் இருந்த டிஸ்க் அதன் வெள்ளிக் கவரோடு பீரோவில், அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

ராத்திரி அக்கா பையன் போன். "மாமா, அனுப்பிட்டீங்களா?"

"இல்லடா."

"தெரியும்" என்றான். "கேபிளை மாத்தி, வேற மதர்போர்டுல மாட்டி ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம். சனிக்கிழமை வாரேன். அத்தையை அடை போடச் சொல்லுங்க."